அக்கரப்பத்தனையில் ஒரு போத்தல் காற்று

1

இந்தக் கதை எனக்குச் சுவருக்கு மேலாக வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு காம்பராவையும் அடுத்த காம்பராவையும் பிரிக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஓர் அடி ஏறி, களைத்துப்போய் நின்றுவிடும். கட்டிய கம்பெனிக்காரர்கள் செங்கல்லை மிச்சம் பிடித்தார்களோ, பிற்காலத்தில் இங்கே ஒருத்தி கதை எழுதுவாள் என்று இரக்கப்பட்டார்களோ, தெரியாது. நான் ஒட்டுக் கேட்கிறவள் அல்ல. காதைப் பொத்திக்கொள்ளாதவள், அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று என் வீட்டுக்காரரிடம் பத்து வருஷமாகச் சொல்லிவருகிறேன். அவர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். வித்தியாசங்களை விளக்குவதுதான் அவருக்குச் சம்பளம். ஆனாலும் இது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கதை நடந்ததற்கே பாதிக் காரணம் நான்தான்.

1962, தை மாதக் கடைசி. எங்கள் தோட்டத்துச் சின்னத்துரை, கலியாணமாகாத வெள்ளைக்காரர், வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறினார். அவர் பங்களாவில் சமையல் பார்த்த அழகுமுத்து, அதுவரை ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையாக வந்துபோனவன், நிரந்தரமாகத் தன் பெண்டாட்டி சண்முகவடிவின் காம்பராவுக்குக் குடிவந்தான். அதுதான் எங்கள் அடுத்த காம்பரா. கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், சாக்கில் சுற்றிய ஓர் இரும்பு உருளை. சாக்கின் வாயிலிருந்து இரண்டு ரப்பர்க் குழாய்களும் ஒரு பித்தளைத் திருகும் எட்டிப் பார்த்தன.

இரும்பு, ரப்பர்க் குழாய், பித்தளைத் திருகு. மலையில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற எவருக்கும் ஒன்றுதான் தோன்றும்: கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுகிற சாமான். நான் யாரிடமும் சொல்லவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் ராசம்மாவிடம் "ஒனக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டேன். கேட்பது சொல்வதாகாது.

மத்தியானத்துக்குள் மூன்று பேர் வெறும் போத்தலோடு அழகுமுத்துவின் வாசலில் நின்றார்கள்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான் வீணாக்கிய காகிதங்கள்:

"நீலக் கடலின் அலைகள் ஆர்ப்பரித்துக் கரையை —"

நிறுத்திவிட்டேன். நான் கடலைப் பார்த்ததில்லை. ஹட்டனுக்கு அந்தப் பக்கம் போனது கண்டி வரைக்கும்தான், அதுவும் பல் பிடுங்க. கடல் ஆர்ப்பரிக்கும் என்று யாரோ எழுதி நான் வாசித்திருக்கிறேன். அவரும் பார்த்தாரோ என்னவோ.

"அழகுமுத்து ஒரு வீரன். ஆழ்கடலில் ஒரு நாள் அவன் சுறாவோடு —"

இந்த இடத்தில் என் வீட்டுக்காரரின் சிவப்பு மை: 'சுறா எங்கிருந்து வந்தது?' அடித்துவிட்டேன்.

"சண்முகவடிவு கண்ணீர் பெருக —"

இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே சிரிப்பு வந்தது. சண்முகவடிவை எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். கொழுந்து பறிப்பதில் அவள் கை போகிற வேகத்துக்குக் கங்காணிகளே ஓரமாக நின்று வழிவிடுவார்கள். அவள் அழுது நான் கேட்டதில்லை. நான் கேட்கவில்லை என்றால் அவள் அழவில்லை.

[அவளைக் கதைக்குள் கொண்டுவருவதில் எனக்கு ஆரம்பத்திலிருந்தே சிரமம். கதையில் பெண்டாட்டி என்றால் புருஷனை நம்ப வேண்டும், அல்லது சந்தேகப்பட வேண்டும். இவள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் செய்கிறவள். கீழே பார்க்கத்தான் போகிறீர்கள்.]

3

வாசலுக்கு வந்த மூன்று பேரில் இரண்டு பேர் ஏமாந்து திரும்பினார்கள். மூன்றாமவர் மூக்கன் கங்காணி. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் சாமான்களைக் காட்டிவிடுகிறேன். அன்று சாயங்காலம் அழகுமுத்து அவற்றைப் பாயில் பரப்பிப் பெண்டாட்டிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, நான் ஸ்டூலில் ஏறி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு சுவரில் மட்டும் ஒட்டடை சேர விட்டதே இல்லை.

"இது மூஞ்சில மாட்டுற கண்ணாடி. மாட்டுறதுக்கு முந்தி உள்பக்கம் எச்சி துப்பித் தடவணும்."

"ச்சீ! எதுக்குங்க?"

"அப்பத்தான் ஆவி மூடாது."

"தொரையும் துப்புவாரா?"

"தொரைதான் சொல்லிக் குடுத்தாரு."

"அப்பச் சரி. இது என்னா, வாத்துக் காலாட்டம்?"

"காலுல போடுற ரப்பர். தண்ணிக்குள்ள ஒரு ஒதை ஒதைச்சா பத்தடி போயிரும். இது ஈயக்கட்டி கோத்த பட்டை, இடுப்புல கட்டுறது. மெதந்துறாம இருக்க."

"மெதக்காம இருக்க ஈயம். செத்துப்போகாம இருக்க என்னா வச்சிருக்காங்க?"

அழகுமுத்து இரும்பு உருளையைத் தட்டினான். கோயில் மணியை விரலால் சுண்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"இது."

"இதுக்குள்ள என்னா இருக்கு?"

"காத்து."

"வெறுங் காத்தா?"

"வெறுங் காத்துதான். அமுக்கி அமுக்கி அடைச்சது. இந்தக் கொழாயை வாயில கவ்விக்கிட்டா இழுக்க இழுக்க வரும். ஆழமில்லாத எடத்துல முக்கா மணி நேரம் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல."

அந்த 'அப்புறம் இல்ல'வில்தான் இந்தக் கதை இருக்கிறது. சின்னத்துரை இருந்த காலத்தில், லீவு கிடைத்தபோதெல்லாம் காரில் சாமான்களை ஏற்றிக்கொண்டு திருகோணமலைக்குப் போவார். நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, சுவாமிமலைப் பாறையின் அடி, தெற்கே போனால் ஹிக்கடுவை. போவதற்கு ஒரு காரணமும் கிடையாது. முத்துக் குளிக்க இல்லை, மீன் பிடிக்க இல்லை. சும்மா இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வருவார். ஆனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. தனியாளாக இறங்கக் கூடாது, கூட ஒருவர் இருந்தே ஆகவேண்டும். ஒருமுறை கூட்டாளித் துரை காய்ச்சலில் படுத்துவிட, சோறு சமைக்கப் போன அழகுமுத்துவுக்கு அந்தத் துரையின் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். அன்றைக்கு இறங்கியவன் நாலு வருஷம் இறங்கினான். ஊருக்குப் போகும்போது சின்னத்துரை தன் சாமான்களில் ஒரு செட்டை அவன் கையில் கொடுத்துவிட்டார், கடைசியாக நிரப்பிய போத்தலோடு.

[காற்றை மறுபடி நிரப்பலாமே என்று கேட்பீர்கள். அதற்கான மெசின் துரைமார் சங்கத்தில்தான் இருந்தது. சங்கத்தில் சேரத் துரையாக இருக்க வேண்டும். தேயிலை ஃபேக்டரி எஞ்சினைக் கிளப்புவதற்கும் காற்று அடைத்து வைத்திருப்பார்கள். எஞ்சின் டிரைவர் "நான் அடிச்சுத் தாரேன்" என்று நல்ல மனதோடுதான் சொன்னார். அழகுமுத்து அந்தக் காற்றை ஒருதரம் முகர்ந்து பார்த்தான். அன்று ராத்திரி வரை அவனுக்கு டீசல் ஏப்பம்.]

ஆக, உலகத்தில் அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு போத்தல். முக்கால் மணி நேரம். இப்போது அவன் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறான். திருகோணமலைக் கடலோ நூற்றைம்பது மைலுக்கு அப்பால்.

4

அதை என்ன செய்வது என்பதில் அவனுக்குக் குழப்பமே இல்லை. சண்முகவடிவுக்குத்தான்.

நாலு வருஷமாக அவன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு மீன்களைப் பற்றிச் சொல்லிவந்தான். நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது, கிளிபோல மூக்கு உள்ளது, தாலிச்சரடு அளவுக்கு வாலை இழுத்துக்கொண்டு போவது. கல்லே பூத்துக் கிடக்கும் என்பான். அவள் கேட்டுக்கொண்டே சோறு போடுவாள். அவளுக்குத் தெரிந்த கடல்மீன் எல்லாம் அக்கரப்பத்தனை பசாரில் சாக்கில் கிடப்பது. பழுப்பாக, தட்டையாக, உப்புப் பூத்து.

"நானும் பொறந்ததுலருந்து கருவாடு திங்கிறேன். ஒன்னுலயாச்சும் மஞ்சக் கோட்டைக் காணோமே."

"காஞ்சா நெறம் போயிரும் புள்ள."

"எல்லா நெறமுமா? ஒரு துண்டுலகூட ஒட்டியிருக்காதா? எஞ்சீலையே அம்புட்டுச் சுத்தமா வெளுக்காதே."

லயத்தில் வேறு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷன் லீவுக்கு லீவு திருகோணமலைக்குப் போய், ஒன்றுமே கொண்டுவராமல், முகம் மட்டும் மலர்ந்து திரும்பி வருகிறான் என்றால் அதற்குச் செதில் வைத்த காரணம் இருக்காது, சேலை கட்டிய காரணம்தான் இருக்கும் என்று. அந்தப் பேச்சை நான் கிளப்பவில்லை. கிளம்பி வந்தபோது வாசலில் நின்று மறிக்கவும் இல்லை.

அது சண்முகவடிவின் காதுக்கும் போயிருந்தது. எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு சாயங்காலம் அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த மஞ்சக் கோட்டுக்காரிக்குப் பேரு என்னாங்க?"

நான் ஒட்டடைக் கம்பை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன்.

"வடிவு, ஒரு தடவ. ஒரே ஒரு தடவ ஒன்னை எறக்கிக் காட்டிர்றேன். பொறகு இந்த இரும்பைத் தூக்கி வித்துருவோம்."

"நீச்சத் தெரியாதவளையா?"

"மேல மெதக்கத்தான் நீச்சத் தெரியணும். கீழ போறதுக்கு என்னாத்தத் தெரியணும்?"

"கூறுகெட்ட மனுசா." அதட்டல்தான், ஆனால் அதில் ஒரு சிரிப்பு இருந்தது. "அங்கன ஒன்னுமில்லாம இருக்கட்டும், அப்ப இருக்கு ஒங்களுக்கு."

இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதா, மிரட்டல் என்றா? எழுதும்போது நான் இரண்டு நாள் யோசித்தேன். அழகுமுத்து யோசிக்கவில்லை. சித்திரை வருஷப் பிறப்புக்குத் தோட்டம் நாலு நாள் மூடும், அப்போது போகலாம் என்று அங்கேயே நாள் குறித்துவிட்டான்.

5

(இந்தப் பகுதி பீலியடிப் பேச்சைப் பற்றியது. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் நல்ல சுகத்தோடு இருப்பதால் கிழித்துவிட்டேன்.)

6

இப்போது மூக்கன் கங்காணி.

அவரும் கசிப்பை நினைத்துத்தான் வந்தார். கால் போத்தல் கிடைக்குமா என்று கேட்க வாயெடுத்தவர், திறந்திருந்த தகரப்பெட்டியில் கண்ணாடியைக் கண்டதும் குரலை இறக்கிவிட்டார்.

"ஏண்டா அழகுமுத்து, இத மாட்டுனா தண்ணிக்கு அடியில கண்ணு தெரியுமா?"

"தெரியுங்க கங்காணி. இந்த உருளையில காத்து இருக்கு, அடியிலயே மூச்சு விடலாம்."

"அடியில கெடக்குறது எல்லாம்?"

"என்னா கெடக்கு?"

கங்காணி திரும்பி வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். சுவருக்கு மேலே பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள், வழக்கம்போலக் கரகத்தைக் கொண்டுபோய் ஃபேக்டரிக்கு மேலே உள்ள குளத்தில் விட்டார்கள். விடுவதற்கு முன், கரகத்தில் கட்டியிருக்கும் அம்மனின் வெள்ளி முகத்தைக் கழற்றி எடுக்க வேண்டும். அது கங்காணியின் பொறுப்பு. அவர் அந்த நேரம் தப்படிக்கிறவர்களோடு, யார் முன்னால் நடப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வேப்பிலையும் பூவும் போன வழியில் அம்மன் முகமும் போயிற்று. முகம் தன் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வருஷமாக ஊருக்குச் சொல்லிவந்தார். இந்தத் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம்.

"நீ அந்தக் காத்தை மாட்டிக்கிட்டு எறங்கி எடுத்துக் குடுத்துரு."

"கங்காணி, அந்தக் காத்து வேற காரியத்துக்கு வச்சிருக்கேன்."

"ஆத்தா காரியத்தை விடவா?" கங்காணி எழுந்தார். "சரி. நாளையிலருந்து ஒம்பொண்டாட்டிக்கு அட்டை மலையிலதான் நெரை."

அட்டை மலை என்பது எங்கள் தோட்டத்தில் செங்குத்தான, அட்டைகள் மனிதரை எதிர்பார்த்து வரிசையில் நிற்கிற மலை. அங்கே ஒரு நாள் கொழுந்து பறித்தால் கால் இரண்டும் ரத்தமாகத் திரும்பி வரும். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை, எந்த நிரை என்று சொல்வது அவர்தான்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். குளம் இரண்டாள் ஆழம்தான். அழகுமுத்து போத்தல் இல்லாமல், மூச்சடக்கி மூன்று முறை இறங்குவான். மூன்றிலும் கிடைக்காவிட்டால் போத்தலைத் திறந்தே ஆகவேண்டும்.

[இந்த இடத்தில் கதை எனக்குக் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்தது. அம்மன் முகமா, மஞ்சள் கோட்டு மீனா என்று ஒரு போத்தல் காற்றுக்கு இரண்டு பேர் போட்டி. ஒருத்தி சாமி. இன்னொன்று இருக்கிறதா என்றே தெரியாது.]

7

மாசி மாதத்து அக்கரப்பத்தனைக் குளத்தில் இறங்குவது என்றால் என்ன என்று வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும். கையை விட்டால் விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கத் தோன்றும். திருகோணமலைத் தண்ணீரில் வெறும் சட்டையோடு இறங்கிப் பழகிய அழகுமுத்துவுக்கு இங்கே போர்த்த என்ன உண்டு? மலையில் குளிர் என்றால், மழை என்றால், ஏன் சாவு வீடு என்றாலும், எங்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து கம்பளி. சண்முகவடிவு தன் பழைய கம்பளியை வெட்டிக் கோணி ஊசியால் சட்டையும் கால்சட்டையுமாகத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு அவன் நின்றபோது, பின்னங்காலில் எழுந்து நிற்கிற கரடிக்கு யாரோ கண்ணாடி போட்டுவிட்டதுபோல இருந்தது. இடுப்பில் வழக்கப்படி ஈயப் பட்டை. கையில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் சண்முகவடிவும் நாலு பெண்களும்.

அழைக்காவிட்டாலும் நானும் போயிருந்தேன். கதாசிரியர் என்ற முறையில்.

முதல் முறை: குதித்தான். கம்பளி ஒரு குளம் தண்ணீரைக் குடிக்கும் என்பதை லயத்தில் துவைக்கிற எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. ஈயமும் கம்பளியும் சேர்ந்து அவனை நேராகச் சேற்றில் நட்டுவைத்தன. கயிறு வெடுக்கென்று இழுபட்டது. ஐந்து பெண்கள் "ஏலேலோ" போட்டு இழுத்தார்கள். கரையில் வந்து விழுந்து, "கம்பளிக்குள்ள கதகதன்னு இருக்கு. எந்திரிக்கத்தான் முடியல" என்றான்.

இரண்டாவது முறை: அடியில் மூச்சு முட்டி, பட்டையை அவிழ்த்துவிட்டு மேலே வந்தான். முகம் கிடைக்கவில்லை. ஈயப் பட்டை போனதுதான் மிச்சம்.

"என்னாடா தெரியுது?" என்றார் கங்காணி.

"தேத்தண்ணிக்குள்ள முங்குன மாதிரி இருக்கு. ஒன்னுந் தெரியல."

"போதும். போத்தலை எடு."

போத்தலை எடுக்க முடியவில்லை. சண்முகவடிவு கயிற்றைப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒரு தடவ இருக்கு மாமா" என்றாள் கங்காணியிடம்.

"எந்திரி புள்ள. வெறுங் காத்துக்கு இம்புட்டு வீம்பா?"

"வெறுங் காத்துன்னா ஒங்களுக்கு மட்டும் எதுக்கு?"

"ஆத்தா கோவிச்சுக்குவா."

"தண்ணிக்குள்ள தள்ளிவிட்ட ஆளுமேல கோவிக்காம ஏங்கிட்டயா கோவிப்பா? அட்டை மலையிலயே போடுங்க. ஆறு மாசம் வேணுமின்னாலும் போடுங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நம்பவே நம்பாத ஒரு கடலுக்காக ஒரு பெண் ஆறு மாசம் அட்டைக்கடியை ஒப்புக்கொள்கிறாள். இதை எப்படி விளக்குவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்றும் எழுதவில்லை. அதுவே அதிசயம்.

மூன்றாவது முறை: கம்பளியின் கனத்தோடு மட்டும் இறங்கினான். கண்ணை மூடிக்கொண்டு கையால் துழாவியதாகப் பிறகு சொன்னான். கயிறு அசையவில்லை. கயிறு பிடித்தவர்களில் ஒருத்தி, நாகலெட்சுமி, வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். நாற்பதைத் தாண்டியபோது சண்முகவடிவு போத்தலை விட்டு எழுந்துவிட்டாள். எழுந்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கிக்கொண்டு, குளத்துக்குள் முழங்கால் வரை போய்விட்டாள். "குழாய் எங்கன? இத எப்புடித் தொறக்குறது? யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினாள்.

கயிறு இழுபட்டது.

அவன் மேலே வந்தபோது வாயெல்லாம் சேறு, கையில் சேற்று உருண்டை. கழுவினால் உள்ளே வெள்ளி முகம் சிரித்துக்கொண்டிருந்தது. சண்முகவடிவு அம்மனைப் பார்க்கவில்லை. போத்தலைக் கீழே வைத்துவிட்டு, கம்பளியோடு புருஷன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். தண்ணீர் பீய்ச்சியடித்தது.

கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஆத்தா தானா எழும்பி வந்துட்டா" என்றார். திருவிழாவில் இதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னார்: ஆத்தா ஒரு வருஷம் தவமிருந்து எழுந்தாளாம். அட்டை மலைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஐந்து பெண்கள் பேசியிருப்பார்கள். நான் ஆறாவது.

8

பசாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் பைஸர் நானாவின் லொறி மாதம் ஒருமுறை திருகோணமலைக்குப் போய்க் கருவாடு ஏற்றிவரும். வருஷப் பிறப்பு லீவில் அதில் இரண்டு பேருக்கு இடம் கேட்டு அழகுமுத்துவும் சண்முகவடிவும் போனார்கள். நான் புளி வாங்கப் போயிருந்தேன்.

"லொறியில எடம் இரிக்கி. ஆனா இதென்ன, தராசுப் படிக்கல்லெல்லாம் கேக்கிறீங்க?"

"ஈயப்பட்டை கொளத்துல போயிருச்சு நானா. கடல் தண்ணி ஆளை மேல தூக்கிரும். இடுப்புல கனம் கட்டாட்டி கீழ எறங்க ஏலாது."

"படிக்கல்லைக் குடுத்துட்டு நான் எதால நிறுக்கிற?"

"கடைதான் லீவாச்சே."

"கடலுக்குள்ள விட்டுட்டு வந்தா? பொறகு நான் மீனுக்கிட்டயா போய்க் கேக்கிற?" பைஸர் நானா தலையில் கைவைத்தார். பிறகு இரண்டு இறாத்தல் கற்கள் நாலை எடுத்து, ஒரு பையில் போட்டு, தானே சண்முகவடிவின் கையில் கொடுத்தார். "தங்கச்சி, நீங்க வச்சிக்கொள்ளுங்க. இவரு கொளத்துக்கே ஈயம் குடுத்தவரு. இன்னொண்டு, மீனையெல்லாம் பார்த்துப் பாவம் பார்த்திராதீங்க. எங்கட வியாபாரம் அது."

அவர்கள் சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள் விடியற்காலையில் கிளம்பினார்கள். வெறுஞ் சாக்குகளுக்கு நடுவே, புதுச்சேலை கட்டிக்கொண்டு, போத்தலை மடியில் சாய்த்துப் பிடித்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கம்பளியை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

9

இனி நான் சுவர் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டேன்.

லொறி டிரைவரிடம் விசாரித்தேன். நிலாவெளிக் கரையில் இறக்கிவிட்டாராம். மீன்பிடிக்கிற ஒருவர் தோணியில் புறாத்தீவுக்குக் கூட்டிப்போனாராம். மறுநாள் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டாராம். வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லையாம். "சண்டையா?" என்றேன். "தெரியாது வாத்தியாரம்மா. கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தாங்க" என்றார்.

ஒரு போத்தல். ஒரு கண்ணாடி. இரண்டு பேர். ஆகவே, மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) கரையைக் கண்டதும் அவள் பின்வாங்கினாள். "நீங்க போங்க" என்றாள். முக்கால் மணி நேரத்தையும் அவனே இறங்கித் தீர்த்தான். அவள் பாறையில் உட்கார்ந்து குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். [இது எனக்குப் பிடிக்கவில்லை. போத்தல்மேல் உட்கார்ந்தவள் பாறைமேல் உட்கார மாட்டாள்.]

(ஆ) பாதி அவன், பாதி அவள். நியாயமாக. [இது என் வீட்டுக்காரர் சொன்னது. வாத்தியார்கள் எதையும் சரிபாதியாக வகுப்பார்கள்.]

(இ) அவளே இறங்கினாள், அத்தனையும் அவளுக்கே. இடுப்பில் பைஸர் நானாவின் எட்டு இறாத்தல். அவன் கண்ணாடி இல்லாமல், மூச்சடக்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறினான். "மூச்சை மட்டும் புடிச்சு வச்சுக்காத. இழு, விடு" என்று மேலே வந்தபோதெல்லாம் —

இங்கே நிறுத்திவிட்டேன். அடுத்த வாக்கியத்துக்கு மீன் வேண்டும். எனக்குத் தெரிந்தது கருவாடு.

திரும்பி வந்த மறுநாள் பெரட்டுக் களத்தில் சாட்சி தேடினேன். அவளுக்குப் பின்கழுத்து வெந்து தோலுரிந்திருந்தது. கவிழ்ந்து மிதந்தால் அப்படி ஆகுமாம். அவனுக்கும் தோள்பட்டை உரிந்திருந்தது. சாட்சியத்தால் பயனில்லை.

அந்த வாரம் முழுவதும் சுவரருகே ஒட்டடையே மிஞ்சவில்லை. ஒரு சாயங்காலம்தான் கேட்டது.

"— அந்த நீலக் கலர் ஒன்னு வந்துச்சே, வாலைச் சுத்திக்கிட்டு."

"நீலமா? யாரு சொன்னா? முதுகு பச்சை. வயித்துப் பக்கம் திரும்புறப்பத்தான் நீலம். கண்ணாடி போடாம பார்த்தா அப்புடித்தான் கலங்கித் தெரியும்."

"நாலு வருசமா நான் பாக்காத மீனா?"

"நாலு வருசமாத் தப்பாத்தானே சொல்லியிருக்கீங்க. மஞ்சக் கோடு மூனுன்னீங்க. நாலு. நான் எண்ணுனேன்."

அதற்குப் பிறகு அவன் சிரித்த சிரிப்பை நான் எழுத்தில் கொண்டுவர முயலவில்லை. ஆள் தோற்றுப்போய்ச் சிரிக்கிற சிரிப்பு. ஸ்டூல் ஆடியது.

10

இதோடு முடித்திருக்கலாம். முடிக்கிற புத்தி எனக்கிருந்தால் ஒட்டடைக் கம்பும் இத்தனை தேய்ந்திருக்காது. மறுநாள் கிண்ணத்தில் கொஞ்சம் பாயசத்தை எடுத்துக்கொண்டு நேராக அடுத்த காம்பராவுக்கே போனேன். சண்முகவடிவு மட்டும் இருந்தாள். போத்தல் மூலையில் சாய்ந்திருந்தது, ரப்பர்க் குழாய்களோடு.

"வடிவு, அடியில என்னாதான் இருக்கு? எங்கிட்ட மட்டும் சொல்லு."

"சொன்னா எழுதிருவீங்க வாத்தியாரம்மா."

"எழுதுனா என்ன? நல்லதுதானே."

"நீங்க எழுதுனா பாக்காத சனமெல்லாம் பாத்த மாதிரி பேசும். அது அப்புடிப் பேசுற சாமான் இல்ல." அவள் பாயசத்தை வாங்கி வைத்தாள். "ஆறு வருசமா அந்தச் செவத்துக்கு மேல நீங்க கேட்டுக்கிட்டு இருக்கறது எனக்குத் தெரியும்."

நான் ஒட்டடையைப் பற்றி ஏதோ சொன்னேன்.

"பரவாயில்ல. ஆளில்லாத செவத்துக்குப் பக்கத்துல இருக்கறதவிட ஆளிருக்கறது மேல். நீங்க இல்லாட்டி கங்காணி வந்திருக்க மாட்டாரு. கங்காணி வராட்டி நான் அது மேல உக்காந்திருக்க மாட்டேன். உக்காரலேன்னா போயிருக்கவே மாட்டேன்." போத்தலை இழுத்து என் முன்னால் வைத்தாள். "அடியில கொஞ்சம் மிச்சம் இருக்காம். மூனு மூச்சோ, நாலு மூச்சோ. நாங்க ரெண்டு பேரும் பேசி ஒங்களுக்குன்னு விட்டு வச்சோம். கண்ணை மூடிக்கிட்டு இழுங்க. பாதி கடல் தெரியும்."

"நெசமாவா?"

"ஆனா சத்தியம் பண்ணணும். நாங்க கண்டத எழுத மாட்டேன்னு. எழுதத்தான் போறீங்கன்னா இப்பவே சொல்லிருங்க. எல்லாத்தையும் ஒன்னு விடாம சொல்லிர்றேன், எழுதிக்கிருங்க. ஆனா காத்து கெடையாது."

அவள் பித்தளைத் திருகைத் திறந்தாள். உஸ் என்று ஒரு சிறு சத்தம். ரப்பர்க் கவ்வியை என் உதட்டருகே நீட்டினாள். அதில் உப்பு மணத்தது. உண்மையில் உப்பா, என் கற்பனையா என்று கேட்காதீர்கள். உப்பு என்று எழுதுகிறேன்.

வாசகரே, ஒரு நிமிஷம் என் நிலைமையைப் பாருங்கள். ஒரு பக்கம் பச்சை முதுகும் நாலு மஞ்சள் கோடுமாக ஒரு முழுக் கடல், சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம் நாலு மூச்சு. அந்த ரப்பரைக் கவ்விக்கொண்டால் ஒரு வார்த்தை பேச முடியாது. இந்தக் கதையில் ஒரு மீன்கூட நீந்தவில்லையே என்று நீங்கள் குறைப்பட்டிருந்தால், அதை வைத்து நான் எதைத் தேர்ந்தேன் என்று கண்டுபிடித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். எழுதத் தெரியாமலும் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டு, கேட்டதைச் சொல்ல மனம் வராமலும் விட்டிருக்கலாம். அப்படி எனக்கு ஒருநாள் நடக்கக் கூடாதா என்ன?

"சீக்கிரம் வாத்தியாரம்மா, போய்க்கிட்டே இருக்கு" என்றாள் சண்முகவடிவு.

நான் வாயைத் திறந்தேன்.